‘டூ’ போட்டுக் கேட்டவள்

ஜெயந்தினியும் நானும் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்து, டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். இப்போது காலையில் என்னை ஹட்டனிலிருந்து பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறவள் அவள்தான். ஹட்டன் ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கிற த்ரீவீலர்களில் ஒரு பெண் ஓட்டுகிற வண்டி அவளுடையது மட்டும்தான்.

வண்டி அவள் கணவர் நிரஞ்சனுடையது. அவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்து, இனி ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னபோது வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். ஜெயந்தினி, “விக்க வேணாம். எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க” என்றாள். அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்துக்குக் கீழே இருந்த மைதானத்தில் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சத்தம் போட்டே அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். மழை நாளில் சறுக்கும் வளைவுகளில் அவள் வண்டியைத் திருப்புகிற விதத்தைப் பார்த்து, இருபது வருடம் ஓட்டிய ஆண்களே தலையை ஆட்டுவார்கள்.

ஆனால் வெள்ளைக்காரர்கள் ஆடம்ஸ் பீக் என்கிற சிவனொளிபாத மலை சீசன் தொடங்கியதும் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. முதுகில் பெரிய பைகளோடு வெள்ளைக்காரர்கள் ரயிலை விட்டு இறங்குவார்கள். எல்லாரும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறவர்கள்; நீண்ட தூரச் சவாரி, நல்ல ஹயர். மற்ற டிரைவர்கள் “ஹலோ சார்! டெக்ஸி சார்!” என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஜெயந்தினிக்குக் கத்த வராது. பக்கத்தில் போய் மரியாதையாகக் கேட்பாள்.

“யூ கோ ஆடம்ஸ் பீக்கா?”

வந்தவர்கள் சிரித்துவிட்டு, “யெஸ், யெஸ்” என்று அவளைத் தாண்டி நடந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலை வண்டியில் போகும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தெரேசா, நான் கேக்குறது அவங்களுக்கு கேள்வியாவே தோணல. ஏதோ சேதி சொல்றேன்னு நெனைச்சுக்கிட்டுப் போறாங்க. நான் எங்க தப்புப் பண்றேன்?”

அவள் கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ‘பீக்’குக்குப் பின்னால் அவள் ஒரு தமிழ் ‘ஆ’வை ஒட்டி வைத்திருந்தாள். போறீங்களா, வர்றீங்களா, சாப்பிட்டீங்களா என்று கடைசியில் ஒட்டுகிற அதே ‘ஆ’. தமிழ் தெரிந்தவனுக்கு அந்த ஓர் எழுத்து போதும். வெள்ளைக்காரனுக்கு அது காதில் விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான்.

“அந்த ‘ஆ’வ எடுத்துரு. அதுக்குப் பதிலா முன்னாலேயே ஒரு ‘டூ’ போடு. டூ யூ வான்ட் டு கோ டு ஆடம்ஸ் பீக்?”

“முன்னாலேயேவா?”

“ஆமா. நாம பேசி முடிச்சிட்டுக் கடைசியில கேள்வியாக்குறோம். அவங்க ஆரம்பிக்கிறப்பவே கேள்வின்னு சொல்லிருவாங்க.”

அந்த நேரம் ஒரு முடக்கு வந்தது. எதிரே வருகிற பஸ் தெரியாத முடக்கு. ஜெயந்தினி முன்கூட்டியே ஹோன் அடித்துவிட்டு வளைந்தாள். வளைந்து முடித்ததும் சிரித்தாள்.

“அப்போ இப்புடித்தான். முடக்குக்கு முன்னாடியே ஹோன் அடிச்சிரணும். முடக்குல போயி அடிச்சா யாருக்குப் பிரயோசனம்?”

பத்து வருடமாக நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘டூ’வை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் பிள்ளைக்கும் விளக்கியதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் பாடம்தான். ‘டூ’ பழகியதும் ‘இஸ்’ வந்தது. எங்கே ‘டூ’, எங்கே ‘இஸ்’ என்பதில் அவள் கொஞ்ச நாள் தடுமாறினாள். ஒருவர் செய்கிற காரியத்தைக் கேட்டால் ‘டூ’, ஒன்று இருக்கிற நிலையைக் கேட்டால் ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ என்றேன். அவள் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“வேல செஞ்சா டூ. சும்மா இருந்தா இஸ்.”

நான் திருத்தவில்லை. ஆரம்பத்துக்கு அது போதும்.

அவளிடம் எனக்குப் பிடித்தது, கற்றதை அன்றைக்கே செலவழிக்கிற குணம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வரும்போது, “டூ யூ லைக் பாகற்காய்?” என்று கேட்பாள். “நோ!” என்று வண்டியே அதிரும். “டூ யூ லைக் தெரேசா டீச்சர்?” என்பாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யெஸ்” என்பார்கள். த்ரீவீலர்கள் நிற்கிற பார்க்கில் மூத்த டிரைவரான கணேசமூர்த்தி அண்ணன் மத்தியானம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தால், “அண்ணே, ஆர் யூ டயர்ட்?” என்று குனிந்து கேட்பாள். அவர் கண்ணைத் திறக்காமல், “போம்மா அந்தப் பக்கம்” என்பார். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்பாள்.

ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “சின்னதுலேருந்து கேள்வி எல்லாம் நம்மளப் பாத்துத்தான் வரும். பேரு என்னா, எந்தத் தோட்டம், எத்தன கிலோ, ஏன் லேட்டு. பெரட்டுல நின்னு பதில் சொல்லியே பழகிட்டோம். நானா ஒருத்தர்கிட்ட போயி கேக்கறது புதுசா இருக்கு தெரேசா. நல்லாவும் இருக்கு.”

பெரட்டு என்பது காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம். ஜெயந்தினி பத்து வருடத்துக்கு மேல் அங்கே நின்றவள்.

ஒரு நாள் மாலை ரயில் வந்து போன நேரத்தில் எனக்கு ஃபோன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

“ஒரு ஜோடி இறங்குனாங்க. ‘டூ யூ வான்ட் எ த்ரீவீலர்?’னு கேட்டேன். ‘நோ, தேங்க் யூ, வீ ஆர் வெய்ட்டிங் ஃபோர் எ ஃப்ரெண்ட்’னாங்க!”

“ஹயர் கெடைக்கலையா?”

“கெடைக்கல. ஆனா கேள்வின்னு புரிஞ்சிருச்சு தெரேசா! கேட்டதுக்குப் பதில் வந்துச்சு!”

ஒரு ‘நோ’வுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சம்பவம் நடந்தது. நான் அங்கே இல்லை. ஆனால் ஜெயந்தினியும், சம்பவம் நடந்த தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மீனம்மா அக்காவும் சொல்லிச் சொல்லி, நானே நின்று பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று காலை ரயிலில் வில்லெம் என்றொருவர் வந்து இறங்கினார். நெதர்லாந்துக்காரர். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, நெடிய மனிதர். தனியாக வந்திருந்தார். பறவைகளைப் படம் பிடிக்கிறவர். ஜெயந்தினி போய், “வேர் டூ யூ வான்ட் டு கோ?” என்று கேட்டாள். அவர் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும், நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார். பாதி புரிந்தது. மீதிக்கு, “டூ யூ வான்ட் ஸ்லோ?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். அவருக்கு அவளை உடனே பிடித்துப்போய்விட்டது.

நோர்வூட்டைத் தாண்டி ஒரு தேயிலை மலையின் ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். ஏதோ நீலக் குருவி ஒன்று உள்ளே பறந்ததாம். கேமராவையும் அதன் பையையும் எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனார். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

நிழல்மரம் ஒன்றில் பெரிய குளவிக் கூடு இருந்திருக்கிறது. பருந்து ஏதாவது தட்டிவிட்டிருக்க வேண்டும். முதலில் மீனம்மா அக்காதான் அந்த இரைச்சலைக் கேட்டார். “குளவி! படுங்கடி!” என்று அவர் கத்தவும், பெண்கள் எல்லாரும் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு செடிகளுக்கு அடியில் படுத்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் ஈரம் படாமல் கட்டிக்கொள்கிற தடித்த விரிப்புத்தான் படங்கு. குளவி வந்தால் அதுதான் அவர்களுக்கு வீடு.

வில்லெமுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஓடினார். பை எங்கோ விழுந்தது. மீனம்மா அக்கா எழுந்து போய்த் தன் படங்கின் ஒரு பாதியை அவர் மேல் போர்த்தி, இழுத்துக்கொண்டே ரோட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவுக்கும் கையிலும் கழுத்திலும் கொட்டு விழுந்தது.

குளவிக் கொட்டு மலையில் புதிது அல்ல. ஜெயந்தினியே இரண்டு தரம் வாங்கியிருக்கிறாள். வீங்கும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். ஆனால் இவருடைய முகம் அப்படி இல்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டு வந்தன. உதடு தடித்துத் தொங்கியது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

வெளிநாட்டிலிருந்து தனியாக வருகிறவர்கள் பையில் மருந்து வைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். “வேர் இஸ் யுவர் மெடிசின்?” என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். விசில் சத்தம்தான் வந்தது.

அந்த இடத்தில் தனக்கு என்ன தோன்றியது என்று ஜெயந்தினி பிறகு சொன்னாள்: “எங்கேன்னு கேட்டா அவரு பேசித்தான் சொல்லணும். அவரால பேச முடியல. அப்போ அவரு பேசத் தேவையில்லாத கேள்வியா கேக்கணும். ஆமா, இல்லன்னு தலைய ஆட்டினாப் போதும்ங்கிற கேள்வி. அது ‘டூ’ தானே, ‘இஸ்’ தானே?”

அவர் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தாள்.

“டூ யூ ஹேவ் மெடிசின்?”

அவர் வேகமாகத் தலையசைத்தார். ஆமாம்.

வண்டியில் இருந்த பெரிய பையைக் காட்டினாள். “இஸ் இட் இன் த பிக் பேக்?”

இல்லை.

“இஸ் இட் இன் த கேமரா பேக்?”

ஆமாம், ஆமாம். கையை நீட்டித் தேயிலைப் பக்கம் காட்டினார். அங்கே குளவிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜெயந்தினி எழுந்தாள். மீனம்மா அக்கா அவள் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“நீ இரு. அந்த ஆளோட பாஷ ஒனக்குத்தான் தெரியும். பை எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

படங்கைத் தலையோடு சுற்றிக்கொண்டு, குனிந்தபடியே அக்கா மறுபடி உள்ளே போனார். ஏற்கெனவே கொட்டு வாங்கிய ஒரு பெண், முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்காகத் திரும்பிப் போனார். ஜெயந்தினியைக் கேட்டால், “நான் என்னா பெருசா செஞ்சேன், அக்காதான் செஞ்சாங்க” என்பாள். அக்காவைக் கேட்டால், “நான் பைய எடுத்தேன், அவ்வளவுதான். உசுரக் காப்பாத்துனது இவ கேள்விதான்” என்பார். இருவரும் இந்த விஷயத்தில் இன்னும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை.

பை வந்தது. ஜெயந்தினி அதற்குள் இருந்த ஒவ்வொன்றாக எடுத்து அவர் கண் முன் பிடித்தாள். “இஸ் இட் திஸ்?” இல்லை. “இஸ் இட் திஸ்?” இல்லை. ஒரு பக்கத்துச் சிறிய பைக்குள் தடித்த பேனா மாதிரி ஒன்று இருந்தது. ஒரு முனை நீலம், மறுமுனை ஆரஞ்சு.

“இஸ் இட் திஸ்?”

ஆமாம்!

அவர் கையில் கொடுத்தாள். விரல்கள் வீங்கி மடங்கவில்லை. பேனா கீழே விழுந்தது.

“கேன் யூ டூ?”

இல்லை. கண்ணில் நீர் வழிந்தது.

பேனாவின் மேல் சின்னப் படங்கள் அச்சடித்திருந்தன. மூடியைக் கழற்றுவது, தொடையில் குத்துவது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அடுத்தவர் உடம்பில் ஊசி போடுவதென்றால், அவரைக் கேட்காமல் எப்படி? ‘நான் போடவா?’ என்பதற்கு ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு அவளே ஒன்றைக் கட்டினாள்.

“டூ ஐ டூ?”

எந்த இலக்கணப் புத்தகமும் அதை ஏற்காது. வில்லெம் ஏற்றுக்கொண்டார். தலையை ஆட்டி, கையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

“இஸ் இட் ஹியர்?”

ஆமாம்.

நீல மூடியைப் பிடுங்கி, ஆரஞ்சு முனையைக் காற்சட்டைக்கு மேலேயே அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவர் எடுக்கச் சொல்லித் தலையசைக்கும் வரை எடுக்கவில்லை.

பிறகு அவரை வண்டியில் ஏற்றினார்கள். மீனம்மா அக்காவும் ஏறிப் பின்னால் அவரைத் தாங்கிக்கொண்டார். வேலையை மேற்பார்க்கிற கங்காணி, அக்காவின் கொழுந்துக் கூடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். ஜெயந்தினி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அவர் கண்ணை மூடிவிடக்கூடாது என்று அவளுக்குப் பயம். அதனால் வழி நெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். தெரிந்த கேள்விகளை எல்லாம் கேட்டாள்.

“ஆர் யூ ஓகே?” கட்டை விரல் மெதுவாக உயர்ந்தது.

“டூ யூ ஹேவ் சில்ட்ரன்?” ஆமாம்.

“டூ யூ லைக் டீ?” ஆமாம்.

“டூ யூ லைக் ஸ்ரீ லங்கா?”

இதற்கு அவர் கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாராம். வீங்கிய அந்த முகத்தோடு. மீனம்மா அக்காவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்தக் கையாட்டலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜெயந்தினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுததாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது அந்த விசில் சத்தம் குறைந்திருந்தது. ஓர் இளம் பெண் டொக்டர் ஓடி வந்து சிங்களத்தில் விசாரித்தார். குளவி, பேனா ஊசி, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் என்று எல்லாவற்றையும் ஜெயந்தினி சிங்களத்திலேயே சொன்னாள். டொக்டர் அவரை உள்ளே கொண்டுபோய், வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். குளவிக் கொட்டு அவருக்கு எலர்ஜி, உடம்புக்கு ஒவ்வாதது; ஊசி அந்த நேரத்தில் போயிராவிட்டால் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, ஜெயந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டார். மீனம்மா அக்காவையும் அன்று வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து நானும் ஜெயந்தினியோடு போனேன். வில்லெம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் “நோ, நோ” என்று உட்கார வைத்தாள். என்னை யாரென்று சொன்னாள். அவர் என்னிடம் ஏதோ நன்றி சொல்லத் தொடங்கினார். நான் அவள் பக்கம் கையைக் காட்டினேன்.

 திடீரென்று ஜெயந்தினி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது நிற்கிற நிலை அது.

“ஒய் யூ கோ...” என்று தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்க்காமல் தானே திருத்திக்கொண்டாள். “ஒய் டிட் யூ கோ இன்சைட்?”

‘டிட்’ நான் ஒரே ஒரு தரம் போகிற போக்கில் சொன்ன சொல். அவள் அதை எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

வில்லெம் குற்றவாளியைப் போலத் தலையைக் குனிந்தார். “எ பேர்ட்,” என்றார். “எ வெரி பியூட்டிஃபுல் பேர்ட்.”

“டூ யூ ஹேவ் த போட்டோ?”

“நோ.”

ஜெயந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வார்ட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வில்லெம்தான் அதிகம் சிரித்தார். பெண்கள் வார்ட்டுக்குப் போய் மீனம்மா அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். போய், அக்காவின் வீங்கிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அக்கா, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். ஜெயந்தினி மொழிபெயர்த்தாள்.

வில்லெம் ஊருக்குப் போய்விட்டார். பார்க்கில் இப்போது நிலைமை மாறிவிட்டது. ரயில் வராத நேரங்களில் டிரைவர்கள் ஒரு வண்டியைச் சுற்றிக் கூடுகிறார்கள். நடுவில் ஜெயந்தினி. கணேசமூர்த்தி அண்ணன் எல்லாருக்கும் முன்னால் நின்று, “டூ யூ ஹேவ் எலர்ஜி?” என்று கேட்டுப் பழகுகிறார். வெளிநாட்டுக்காரர் யார் ஏறினாலும் முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும் என்பது ஜெயந்தினி போட்ட சட்டம். நானும் என் மூன்றாம் வகுப்புக்குப் பாடத்தை மாற்றிவிட்டேன். பிள்ளைகள் பதில் சொல்லப் பழகுமுன் கேள்வி கேட்கப் பழகுகிறார்கள். வகுப்பு முன்னைவிடச் சத்தமாக இருக்கிறது. பாடசாலை அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் ஒரு காலை, தான் ஓட்டப் பழகிய அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் ஜெயந்தினி வண்டியை நிறுத்தினாள். இறங்கி, பின்பக்கம் வந்து, என் கையில் இருந்த பையை வாங்கி சீட்டில் வைத்தாள்.

“தெரேசா,” என்றாள். “டூ யூ வான்ட் டு ட்ரைவ்?”

எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

“யெஸ்,” என்றேன்.

அவள் முன்சீட்டைக் காட்டி, “வா, ஒக்காரு” என்றாள்.